மயிலாப்பூரில் வீடு வாங்க உண்மையில் எவ்வளவு ஆகும்?

சென்னையின் விலை உயர்ந்த பகுதிகளில் வீடு வாங்குவது பற்றி உங்கள் கேள்விகளை அனுப்புங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தோம். மயிலாப்பூர், மந்தைவெளி, ஆழ்வார்பேட்டை, பெசன்ட் நகர், கோட்டூர்புரம் என்று கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன், பதில்களில் கணக்கை முழுதாகப் போட்டிருக்கிறேன். கட்டண விகிதங்களை அரசு அவ்வப்போது மாற்றும், அதனால் பத்திரத்துக்குத் தேதி குறிக்கும் முன் பதிவுத்துறை இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நானும் கணவரும் ஐ.டி.யில் இருக்கிறோம். இருவருக்கும் சேர்த்து மாதம் 3 லட்சம் கைக்கு வருகிறது. மந்தைவெளியில் கட்டிக்கொண்டிருக்கும் அபார்ட்மென்ட்டில் 1,400 சதுர அடி, சதுர அடி 20,000 ரூபாய், மொத்தம் 2 கோடியே 80 லட்சம் என்கிறார்கள். சேமிப்பு 75 லட்சம் இருக்கிறது. மீதிக்கு லோன் போட்டால் முடியுமா?
– வாசகி, பெருங்குடி

முடியாது அம்மா. உங்கள் ஆசையைக் குலைக்க வேண்டும் என்று சொல்லவில்லை, கணக்கு அப்படி இருக்கிறது.

வீட்டுக் கடன் 75 லட்சத்தைத் தாண்டினால் வீட்டு மதிப்பில் 75 சதவீதம் வரைதான் வங்கி தரலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 2.80 கோடியில் அது 2.10 கோடி. மீதி 70 லட்சம் உங்கள் கைப்பணம், உங்களிடம் 75 இருக்கிறது, சரியாகப் போயிற்று என்று நினைத்திருப்பீர்கள், பில்டரின் ஆளும் அப்படித்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்த 2.80 கோடியில் பத்திரச் செலவு இல்லை, அந்தச் செலவை வீட்டு மதிப்பில் சேர்த்துக் கடன் தர வங்கிக்கு அனுமதியும் இல்லை. தமிழ்நாட்டில் 2023 டிசம்பரிலிருந்து புது ஃபிளாட்டின் முதல் விற்பனையை மனை, கட்டடம் இரண்டும் சேர்ந்த கூட்டு மதிப்பில் ஒரே பத்திரமாகப் பதிகிறார்கள். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 50 லட்சம் வரை 6 சதவீதம், அதற்கு மேல் 3 கோடி வரை 7, மூன்று கோடியைத் தாண்டினால் 9. உங்களுக்கு 7 சதவீதம், அதாவது 19 லட்சத்து 60 ஆயிரம். கட்டி முடியாத வீடு என்பதால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அது 14 லட்சம். ஆக உங்களுக்குத் தேவை 70 லட்சம் இல்லை, 1 கோடியே 3 லட்சத்து 60 ஆயிரம். ஜி.எஸ்.டி.யையும் சேர்த்துக் கடன் தர உங்கள் வங்கி ஒப்புக்கொண்டால் கைப்பணம் கொஞ்சம் குறையும், இ.எம்.ஐ. அந்த அளவுக்கு ஏறும். இதற்குப் பிறகுதான் கார் பார்க்கிங், கட்டடப் பராமரிப்புக்காக மொத்தமாக வாங்கும் கார்ப்பஸ் ஃபண்ட், மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு என்று இன்னொரு தாள் வரும், அந்தத் தாளை டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். கிச்சன் கப்போர்டு, வார்ட்ரோப், ஏ.சி. செலவுகளை நான் இங்கே சேர்க்கவே இல்லை.

இப்போது இ.எம்.ஐ. 2.10 கோடி, 20 வருடம், வட்டி 8.5 சதவீதம் என்று வைத்தால் மாதம் சுமார் 1 லட்சத்து 82 ஆயிரம். உங்கள் இருவர் சம்பளத்தில் அறுபது சதவீதம் ஒரே தேதியில் போய்விடும். இருபது வருடத்தில் நீங்கள் வங்கிக்குக் கட்டுவது 4 கோடியே 37 லட்சம், அதில் வட்டி மட்டும் 2 கோடியே 27 லட்சம். இருவரில் ஒருவருக்கு ஆறு மாதம் வேலை இல்லை என்றால் என்ன ஆகும் என்பதைத் தயவுசெய்து இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். ஐ.டி.யில் இருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் கேளுங்கள். 1,400 சதுர அடி என்பது சூப்பர் பில்ட்-அப். மாடிப்படி, லிஃப்ட், வராண்டா எல்லாவற்றிலும் உங்கள் பங்கைச் சேர்த்துச் சொல்வது. சுவருக்குள் நீங்கள் நடமாடும் கார்ப்பெட் ஏரியா எவ்வளவு என்று கேட்டால் ஏறக்குறைய ஆயிரம் என்று பதில் வரலாம். அப்படியானால் நீங்கள் கொடுப்பது சதுர அடிக்கு 28,000. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி கார்ப்பெட் ஏரியாவைச் சொல்லித்தான் விற்க வேண்டும், 2016 சட்டம் அது, கேட்பதற்குத் தயங்காதீர்கள்.

மந்தைவெளிதான் வேண்டும் என்றால் பழைய ஃபிளாட் பாருங்கள், அடுத்த பதில் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

பெசன்ட் நகரில் 1985 வாக்கில் கட்டிய ஃபிளாட், 900 சதுர அடி, இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. 1 கோடியே 45 லட்சம் கேட்கிறார்கள். யு.டி.எஸ்., அதாவது மனையில் எனக்கு வரும் பிரிக்கப்படாத பங்கு, 560 சதுர அடி என்று பத்திரத்தில் இருக்கிறது. நாற்பது வருடக் கட்டடத்துக்கு இவ்வளவு பணமா என்று மகன் கோபிக்கிறான். ஓ.எம்.ஆரில் இதே பணத்துக்கு நீச்சல் குளத்தோடு புது வீடு வரும் என்கிறான். யார் சொல்வது சரி?
– வாசகர், திருவல்லிக்கேணி

சார், உங்கள் கடிதத்தில் யு.டி.எஸ். எவ்வளவு என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். வந்த கடிதங்களில் வேறு யாருமே அதை எழுதவில்லை. டைல்ஸ் எழுதியிருக்கிறார்கள், எத்தனையாவது மாடி என்று எழுதியிருக்கிறார்கள், வாஸ்து எழுதியிருக்கிறார்கள், எனக்கு எவ்வளவு மண் சொந்தமாகிறது என்று எழுதவில்லை. இந்த இதழில் நான் சொல்ல வந்ததே இதுதான். விலை உயர்ந்த பகுதியில் நீங்கள் கொடுக்கும் பணம் மண்ணுக்காக. கட்டடம் வருடா வருடம் தேய்கிறது, சிமென்ட்டும் கம்பியும் மயிலாப்பூரிலும் ஊரப்பாக்கத்திலும் ஒரே விலைதான். மண்தான் வேறு.

கணக்குப் போடுவோம். அந்தத் தெருவில் மனை சதுர அடி 20,000 என்று வைத்துக்கொள்வோம், அதாவது ஒரு கிரவுண்டு, 2,400 சதுர அடி, 4 கோடியே 80 லட்சம். (உங்கள் தெருவின் உண்மையான விலையைத் தரகரிடம் கேட்காதீர்கள். சமீபத்தில் தனி வீடு விற்ற அக்கம்பக்கத்தாரிடம் கேளுங்கள், பத்திரப் பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.) உங்கள் 560 சதுர அடி மண்ணுக்கு 1 கோடியே 12 லட்சம் ஆகிறது. அவர் கேட்பது 1.45. ஆக, அந்தப் பழைய கட்டடத்துக்கு நீங்கள் கொடுப்பது 33 லட்சம். கொஞ்சம் அதிகம்தான், பேசிக் குறைக்கலாம், ஆனால் பைத்தியக்காரத்தனம் இல்லை.

இப்போது உங்கள் மகன் காட்டும் மாதிரிப் பெரிய அடுக்குமாடியை எடுத்துக்கொள்வோம். பத்து கிரவுண்டு மனை, 24,000 சதுர அடி. 2019-ல் வந்த கட்டட விதிகள்படி சாதாரணக் கட்டடத்துக்கு மனையைப் போல 2 மடங்கு, உயர்ந்த அடுக்குமாடிக்கு 3.25 மடங்கு வரை கட்டலாம், கூடுதல் கட்டணம் கட்டினால் இன்னும் கொஞ்சம். பொது இடங்களையும் சேர்த்து விற்கும் பரப்பு ஒரு லட்சம் சதுர அடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 1,500 சதுர அடி வீடு வாங்குகிறவருக்குக் கிடைக்கும் மண் 360 சதுர அடி. உங்கள் 900 சதுர அடிப் பழைய ஃபிளாட்டுக்கு 560! அந்தக் காலத்தில் இத்தனை மாடி கட்ட அனுமதி இல்லாததால் உங்களுக்குக் கிடைக்கும் லாபம் இது. நீச்சல் குளத்துக்கு மாதா மாதம் பராமரிப்புக் கட்டணம் கட்ட வேண்டும் என்பதையும் மகனிடம் சொல்லுங்கள், ஆனால் அவர் வேலை ஓ.எம்.ஆரில் என்றால், தினமும் அலைவது அவர்தான் என்றால், அவர் பேச்சுக்கும் நியாயம் இருக்கிறது.

பழைய கட்டடம் ஒருநாள் இடிக்கத்தானே வேண்டும், அப்போது? 2022-ல் கொண்டுவந்து 2024-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி, உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் ஒப்புக்கொண்டால் இடித்துக் கட்டலாம். முன்பெல்லாம் பத்து பேரில் ஒருவர் மறுத்தாலும் இருபது வருடம் இழுக்கும். அப்படி இடித்துக் கட்டும்போது பில்டர் உங்களுக்குத் தரும் வீட்டின் அளவைத் தீர்மானிப்பதும் இதே யு.டி.எஸ்.தான்.

சரி, வாங்கலாம் என்று முடிவு செய்தால் பார்க்க வேண்டியவை. பெசன்ட் நகர் வீட்டு வசதி வாரியம் உருவாக்கிய பகுதி. உங்களுக்கு விற்பவர் அல்லது அவருக்கு விற்றவர் வாரியத்தில் ஒதுக்கீடு பெற்றவர் என்றால், முழுத் தொகையும் கட்டி வாரியம் அவர் பெயருக்குக் கிரயப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒதுக்கீட்டு ஆணையை வைத்துக்கொண்டு, உரிமையாளர் சார்பில் செயல்பட மட்டும் அதிகாரம் தரும் பவர் பத்திரத்திலேயே மூன்று கை மாறிய வீடுகள் உண்டு. பவர் பத்திரம் மூலம் விற்றால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது, அப்படிப்பட்ட வீடு எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். தனியார் கட்டிய ஃபிளாட் என்றால், அந்தக் கட்டடத்தில் உள்ள எல்லோருடைய யு.டி.எஸ்.ஸையும் கூட்டுங்கள், மனையின் மொத்த அளவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் யாரோ ஒருவருக்கு இல்லாத மண்ணை விற்றிருக்கிறார்கள் என்று அர்த்தம், அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம். வில்லங்கச் சான்றிதழ் 1975 முதல் ஆன்லைனில் எடுக்கலாம், முழுதாக எடுங்கள், பதின்மூன்று வருடம் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பதிவாகாத உயில் அதில் தெரியாது என்பதால் தாய்ப் பத்திரத்திலிருந்து வாரிசு வரிசையை ஒரு வழக்கறிஞர் படித்துப் பார்க்கத்தான் வேண்டும், அதற்குக் கொடுக்கும் ஃபீஸில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

செலவு: 6, 7 சதவீதச் சலுகை புது ஃபிளாட்டின் முதல் விற்பனைக்கு மட்டும். மறுவிற்பனைக்கு 7 சதவீத முத்திரைத் தீர்வை, 2 சதவீதப் பதிவுக் கட்டணம், மொத்தம் 9. உங்களுக்கு 13 லட்சத்து 5 ஆயிரம். ஜி.எஸ்.டி. கிடையாது. 50 லட்சத்துக்குக் குறையாத சொத்து என்பதால் விலையில் 1 சதவீதத்தை நீங்கள் பிடித்துக்கொண்டு, விற்பவரின் பான் எண்ணில் வருமான வரித்துறைக்குக் கட்ட வேண்டும், கட்ட மறந்தால் வட்டியும் அபராதமும் உங்களுக்குத்தான் வரும். பழைய கட்டடத்துக்கு வங்கி குறைந்த வருடத் தவணைதான் தரக்கூடும், அட்வான்ஸுக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடி, உங்கள் வயதை நீங்கள் எழுதவில்லை. மகனோடு உட்கார்ந்து பேச வேண்டியது அந்தப் படிகளைப் பற்றித்தான்.

தி.நகரில் ஒரு வீடு 2 கோடிக்குப் படிந்தது. 1.20 கோடிக்குப் பத்திரம், 80 லட்சம் ரொக்கம் என்று விற்பவர் நிற்கிறார். எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள், உங்களுக்கும் பதிவுச் செலவு மிச்சம் என்கிறார். வீட்டை விட மனசில்லை.
– வாசகர், மேற்கு மாம்பலம்

விட்டுவிடுங்கள். அல்லது முழுத் தொகைக்கும் பத்திரம் என்றால் மட்டும் பேசுங்கள்.

சட்டம் முதலில். அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது, ரொக்கத்தைப் பெற்றவருக்குப் பெற்ற தொகை அளவுக்கே அபராதம் விழும். பத்திரத்தில் காட்டிய தொகை வழிகாட்டி மதிப்பைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால், அந்த வித்தியாசத்தை உங்கள் வருமானமாக எடுத்துக்கொண்டு உங்களிடமே வரி கேட்பார்கள். வரித்துறை பிற்காலத்தில் தோண்டினால் 80 லட்சம் எங்கிருந்து வந்தது என்று பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்.

சட்டத்தை ஒரு பக்கம் வையுங்கள், உங்களுக்கு மிச்சம் என்கிறாரே, அதைப் பார்ப்போம். 80 லட்சத்துக்குப் பதிவுச் செலவு 9 சதவீதம், 7 லட்சத்து 20 ஆயிரம். மிச்சம் அவ்வளவுதான். பத்து வருடம் கழித்து அதே வீட்டை 3 கோடிக்கு முழு வெள்ளையில் விற்கிறீர்கள் என்றால், வரித்துறை கணக்கில் உங்கள் லாபம் 1 கோடி இல்லை, 1 கோடியே 80 லட்சம். கூடுதலாகக் காட்டப்படும் 80 லட்சத்துக்கு இன்றைய நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5 சதவீதத்தில் 10 லட்சம். அவருடைய வரியை உங்கள் தலையில் கட்டுகிறார், உங்களுக்கு உதவுவதாகவும் சொல்கிறார். வங்கிக் கடனும் 1.20 கோடியை வைத்துத்தான் கிடைக்கும், ஆக 80 லட்சத்தையும் நீங்கள் கைப்பணமாகவே திரட்ட வேண்டும். நேர்மையாகச் சம்பாதித்து வரி கட்டிய பணத்தை இப்படி ஒரு பையில் போட்டுக் கொடுத்துவிட்டு ரசீதுகூட இல்லாமல் வருவதை என்னால் யாருக்கும் சிபாரிசு செய்ய முடியாது.

மயிலாப்பூர் மாட வீதிக்குப் பக்கத்தில் ஒரு வீடு, சந்தை விலையில் பாதிதான். மனை கோயிலுடையது, கட்டடம் மட்டும் விற்கிறோம், கோயிலுக்கு மாதம் சொற்ப வாடகை கட்டினால் போதும் என்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகி, அம்பத்தூர்

வேண்டாம். நான் மேலே எழுதியதைப் படித்திருந்தால் ஏன் என்று தெரிந்திருக்கும், நீங்கள் வாங்குவதில் மண் இல்லை. கபாலீஸ்வரர் கோயிலுக்கு அந்தப் பகுதியில் நிறைய மனைகள் உண்டு, பல தலைமுறையாகக் குடும்பங்கள் அதில் வீடு கட்டி வாழ்கின்றன, அவர்கள் வாழ்வதில் தவறு ஒன்றும் இல்லை. புதிதாகப் பணம் போட்டு நுழைவது வேறு. கோயில் சொத்தை அறநிலையத்துறை ஆணையரின் அனுமதி இல்லாமல் விற்றாலும், அடமானம் வைத்தாலும், ஐந்து வருடத்துக்கு மேல் குத்தகைக்கு விட்டாலும் செல்லாது என்று 1959 சட்டத்தின் 34-வது பிரிவு சொல்கிறது. அந்தச் சொற்ப வாடகையும் நிலையானது இல்லை, சந்தை மதிப்பைப் பார்த்து நியாய வாடகை நிர்ணயிக்கவும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை திருத்தவும் சட்டத்தில் இடம் உண்டு. முந்தையவரின் வாடகைப் பாக்கி உங்கள் மேல் வந்து விழுந்தால் யாரிடம் போய் நிற்பீர்கள்? வீட்டுக் கடன் கிடைப்பதும் சந்தேகம்.

போட் கிளப் சாலையில் ஒரு வீட்டுக்கு ஏன் இத்தனை கோடி? மயிலாப்பூரிலிருந்து நடக்கிற தூரம்தானே?
– கல்லூரி மாணவர், தாம்பரம்

நல்ல கேள்வி தம்பி. சதுர அடி விலை கூடுதல் என்பது பாதிக் காரணம்தான். மீதி, அங்கே சின்ன மனை கிடையாது. மயிலாப்பூரில் அரைக் கிரவுண்டு வீடு உண்டு, ஒரு கிரவுண்டை நான்கு பேர் ஃபிளாட்டாகப் பிரித்துக்கொள்வார்கள். போட் கிளப்பில், போயஸ் தோட்டத்தில், பழைய பங்களா மனைகள் பல கிரவுண்டாக இருக்கின்றன. கணக்குக்காக சதுர அடி 30,000 என்று வைத்துக்கொள், ஐந்து கிரவுண்டு என்றால் 12,000 சதுர அடி, 36 கோடி. பத்திரப் பதிவுக்கு 9 சதவீதம், 3 கோடியே 24 லட்சம். பதிவுச் செலவுக்கே மந்தைவெளியில் ஒரு ஃபிளாட் வந்துவிடும். சதுர அடி விலை ஒன்றரை மடங்குதான், ஆனால் உள்ளே நுழைய வேண்டிய குறைந்தபட்சத் தொகை பத்து மடங்குக்கு மேல் போய்விடுகிறது.

அப்புறம், விற்பவர்கள் மிகக் குறைவு. மெட்ராஸ் போட் கிளப் 1867-ல் தொடங்கியது, அடையாறு ஆற்றங்கரையில் அதைச் சுற்றி உள்ள தெருக்களில் கடை இல்லை, பேருந்து இல்லை, மரங்களும் மதில்களும்தான். தொழிலதிபர் குடும்பங்கள் தலைமுறையாக இருக்கிறார்கள், அவர்களுக்கு விற்க வேண்டிய அவசரம் இல்லை. எப்போதாவது ஒரு வீடு விலைக்கு வரும் தெருவில் விலை என்பது அந்த ஒருவர் சொல்வதுதான்.

கோட்டூர்புரத்தில் ஒரு தரைத்தள ஃபிளாட், சுற்றியுள்ள விலையைவிடக் குறைவாக வருகிறது. யோசிக்க ஏதாவது இருக்கிறதா?
– வாசகர், வேளச்சேரி

வேளச்சேரியிலிருந்து கேட்கிறீர்கள், உங்களுக்குத் தெரியாததா. 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது கோட்டூர்புரத்தில் தண்ணீர் எங்கே நின்றது என்று அந்தக் கட்டடத்துக் காவலாளியிடமும் பக்கத்துக் கடைக்காரரிடமும் கேளுங்கள், சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள். விற்பவரிடம் கேட்க வேண்டாம். இடுப்புக்கு மேல் என்றால் தரைத்தளம் வேண்டாம், வீடு முதல் மாடியிலோ அதற்கு மேலோ இருந்தால் யோசிக்கலாம், மின்மாற்றியும் ஜெனரேட்டரும் எந்த உயரத்தில் இருக்கின்றன என்று பார்த்துவிட்டு. ஆற்றை ஒட்டியது என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருகிறதா என்பதையும் விசாரியுங்கள், பின்னால் இடித்துக் கட்டும்போது அது குறுக்கே வரும்.

ஆழ்வார்பேட்டையில் தாத்தா சம்பாதித்துக் கட்டிய வீடு, இரண்டு கிரவுண்டு. உயில் இல்லை. பாட்டியும் இல்லை. அப்பாவும் இரண்டு அத்தைகளும். பில்டர் தன் செலவில் ஃபிளாட் கட்டி, பாதிக்குப் பாதி பிரித்துக்கொள்ளலாம் என்று கேட்கிறார். அத்தைகளுக்குக் கல்யாணத்தில் நிறையச் செய்தாகிவிட்டது, கையெழுத்து மட்டும் வாங்கினால் போதும் என்கிறார் அப்பா. ஓர் அத்தை அமெரிக்காவில்.
– வாசகி, ஆழ்வார்பேட்டை

உயில் இல்லாமல் இறந்த இந்துவின் சுய சம்பாத்தியத்தில் மகனுக்கும் மகள்களுக்கும் சம பங்கு, 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்திலிருந்தே. கல்யாணச் சீர் அந்தப் பங்கைக் குறைக்காது. உங்கள் வீட்டில் மூன்றில் ஒரு பங்கு அப்பாவுடையது, மூன்றில் இரண்டு பங்கு அத்தைகளுடையது. நான் போட்ட 20,000 கணக்கிலேயே பார்த்தாலும் மனை மட்டும் 9 கோடியே 60 லட்சம், ஓர் அத்தையின் பங்கு 3 கோடியே 20 லட்சம். "கையெழுத்து மட்டும்" என்று அப்பா சொல்வது இவ்வளவு பெரிய தொகையை. இதை அவரிடம் நீங்கள்தான் பொறுமையாகச் சொல்ல வேண்டும், பில்டர் சொல்ல மாட்டார்.

அத்தைகள் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் குடும்பத்துக்குள் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000, பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. செலவு பெரிதாக ஒன்றும் இல்லை, ஆகவே அவசரமும் இல்லை, அவர்கள் முழு மதிப்பையும் தெரிந்துகொண்டு முடிவு செய்யட்டும். விட்டுக்கொடுக்கவில்லை என்றால் மூவர் பெயரிலும் ஒப்பந்தம் போட்டு, வரும் ஃபிளாட்டுகளை மூன்றாகப் பிரியுங்கள். அமெரிக்க அத்தை பவர் அனுப்பினால் அங்கே உரிய சான்றளிப்போடு எழுதி, இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும், பலர் இந்தத் தேதியைத் தவறவிடுகிறார்கள். பில்டரோடு போடும் இந்தக் கூட்டு ஒப்பந்தத்துக்கான மூலதன ஆதாய வரி தனிநபர்களுக்குப் பொதுவாகக் கட்டடம் முடிந்து நிறைவுச் சான்று வரும் வருடத்தில்தான் விழும், அதற்கு முன் பங்கை வேறு யாருக்காவது விற்றால் கணக்கு மாறும், ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

பில்டர் பாதி கேட்பதை அப்படியே ஒப்புக்கொள்ளாதீர்கள். மண் விலை ஏறிய பகுதியில் மனைக்காரர் பங்கு பாதிக்கு மேல் போக வேண்டும், இன்னும் இரண்டு பேரிடம் விலை கேளுங்கள்.

அப்பாவுக்கு 70 வயது. பிறந்து வளர்ந்தது மயிலாப்பூர், இப்போது என்னோடு நங்கநல்லூரில். கடைசிக் காலத்தில் கோயில் பக்கம் இருக்க வேண்டும் என்கிறார். நங்கநல்லூர் வீட்டை விற்று, மேலே ஒரு கோடி கடன் வாங்கி அங்கே ஃபிளாட் வாங்கலாமா?
– வாசகர், நங்கநல்லூர்

அப்பா கேட்பது கோயில் பக்கம் இருக்க வேண்டும் என்பது. அங்கே சொந்தமாக வாங்கு என்று அவர் கேட்கவில்லை. வாடகைக்கு எடுத்துக் கொடுங்கள்.

இந்த மாதிரிப் பகுதிகளில் வாடகை வீட்டு விலையில் வருடத்துக்கு இரண்டரை, மூன்று சதவீதம்தான் வரும். 1.60 கோடி மதிப்புள்ள சின்ன ஃபிளாட் மாதம் 35,000, 40,000-க்குக் கிடைக்கும். நீங்கள் ஒரு கோடி கடன் வாங்கினால் 8.5 சதவீதத்தில் இ.எம்.ஐ. மட்டும் 87,000-க்குப் பக்கம். நங்கநல்லூர் வீட்டையும் விற்க வேண்டாம், அதில் ஒரு பகுதியை வாடகைக்கு விட முடிந்தால் இந்தச் செலவில் கொஞ்சம் அதிலிருந்தே வந்துவிடும். மெட்ரோ வேலை முடியாத தெருக்களில் இப்போது தூசியும் சுற்றுவழியும் அதிகம் என்பதால், அப்பாவை இரண்டு மூன்று நாள் மாலையில் அழைத்துக்கொண்டு போய் எந்தத் தெருவிலிருந்து சன்னதிக்கு அவரால் நடக்க முடிகிறது என்று பாருங்கள், அப்புறம் வீடு தேடுங்கள். லிஃப்ட் இல்லை என்றால் தரைத்தளம், மழைக்குத் தண்ணீர் நிற்காத தெரு. மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரியத் தண்ணீர்) எத்தனை மணிக்கு வருகிறது, யார் மோட்டார் போடுகிறார்கள் என்று விசாரியுங்கள். தமிழ்நாட்டின் வாடகைச் சட்டப்படி குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. பத்து மாதம் கேட்பது சென்னைப் பழக்கம், சட்டத்தைச் சொல்லிப் பேசிப் பாருங்கள், ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிந்துகொள்ளுங்கள். வாடகை எடுப்பதற்கு அடுத்த மாதமே போதும், வாங்குவதற்கு நீங்கள் கணக்குப் பார்த்து, கடன் கேட்டு, பத்திரம் பார்த்து முடிக்க ஒரு வருடம் ஆகும். அந்த ஒரு வருடம் அவர் கபாலி கோயில் பக்கத்தில் இருக்கட்டும் சார்.